ஹபர்ஷா திரும்பி வருகிறது

"சின்னத் தாத்தா ஏன் செருப்பு போட்டுக்கிட்டு கேட்டுப் பக்கத்துலயே நிக்கிறாரு, அத்த? எங்கயாச்சும் போவணுமா?"

பிரகதா இதைக் கேட்டபோது மேகலா மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமாடா, கடைக்குப் போவாரு" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் விசைகளின் மேல் விரல்கள் நின்றன.

சித்தப்பா சிங்காரவேலுவைத் தகனம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உச்சி வெயிலில் கண் கூசியது. சாத்தி வைத்த இரும்புக் கேட் பாதி திறந்து கிடந்தது. ஆள் யாரும் இல்லை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஆனால் அனல் காற்றோடு ஒரு வாசனை வந்தது. குளிர்பெட்டியின் கண்ணாடிக்குள் பிணத்தோடு கிடந்த ரோஜா மாலையின் வாசனை. ஈரமும் அழுகலும் சேர்ந்தது.

"இப்ப போயிட்டாரு" என்று சொல்லிவிட்டு, குழந்தை மறுபடி வண்ணம் தீட்டக் குனிந்தது.

அது மேகலா பிறந்த வீடு. கல்லங்குறிச்சிச் சாலையில், அரியலூர் டவுன் முடிந்து கடலைக்காடுகள் தொடங்கும் இடத்தில் இருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் பகலெல்லாம் அந்தப் பக்கம் போகும். வேப்பமரத்தின் இலைகள்கூட வெளுத்துத்தான் இருக்கும். வீட்டில் இப்போது அவளுடைய அண்ணன் ராஜதுரை, அண்ணி கவிதா, அவர்களின் ஒரே மகள் பிரகதா. கங்கைகொண்ட சோழபுரத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் குழந்தைக்கு அந்தப் பெயர். பின்கட்டு அறையில் கல்யாணம் செய்துகொள்ளாத சித்தப்பா சிங்காரவேலு இருந்தார். இப்போது அந்த அறை பூட்டியிருக்கிறது.

மேகலா ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறாள்; விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். துருக்கி நாட்டின் நடுப்பகுதியில் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் வாழ்ந்த ஹிட்டைட் மக்களின் மொழிதான் அவள் படிப்பு. அவர்கள் ஈரக் களிமண் பலகையில் கோரைத்தண்டின் முனையால் குத்திக் குத்தி எழுதினார்கள். அதில் ஓர் உடைந்த பலகை சாவுச் சடங்கைப் பற்றியது. அந்தப் பலகையில் மட்டும், வேறு எங்குமே வராத ஒரு சொல் வருகிறது.

ஹபர்ஷா.

அந்த வரிகள் மேகலாவுக்குத் தூக்கத்திலும் மனப்பாடம். "இறந்தவன் எழுந்து வாசலில் நிற்கிறான். ஹபர்ஷாவைக் கேட்கிறான். ஹபர்ஷா அவனோடு முச்சந்தி வரை போகிறது." அங்கே பலகை உடைந்திருக்கிறது. உடைப்புக்கு அப்பால், "ஹபர்ஷா திரும்பி வருகிறது. கை கழுவுகிறது." கடைசியில் ஒரு வரி. "கொடுக்காவிட்டால் வீட்டில் சிறியதைக் கேட்பான்."

ஹபர்ஷா என்றால் பலி ஆடு என்பது மேகலாவின் முடிவு. உயிருக்கு உயிர் மாற்று. பலியான ஆடு திரும்பி வராதே என்று கேட்டவர்களுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அந்தப் பழைய எழுத்தர் தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியை மாற்றி எழுதிவிட்டார்; திரும்பி வந்து கை கழுவுவது பூசாரி. இந்தத் திருத்தத்துக்காகத்தான் அவளுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

சித்தப்பா இறந்தது ஒரு சனிக்கிழமை விடியலில்.

பாடை கட்டும் பேச்சு வந்தபோது பங்காளி அன்பழகன் மஞ்சள் பையில் ஒரு கோழிக்குஞ்சோடு வந்தார். "சனிப் பொணம் தனியாப் போவாதும்மா. ஒரு குஞ்சைக் கட்டி உட்டுட்டா நம்ம மனசுக்கு ஒரு நிம்மதி" என்றார்.

"பாவம் அந்த உயிர எதுக்குங்க கட்டணும்? இதெல்லாம் அந்தக் காலத்துப் பயம். நான் இதப்பத்தித்தான் படிக்கிறேன்" என்றாள் மேகலா.

"படிச்ச புள்ள சொல்லுது. சரி." அன்பழகன் பையைச் சுருட்டிக்கொண்டார்.

அதில் மேகலா செய்தது தப்பில்லை. பையில் கிடந்து கத்திய குஞ்சின் மேல் அவளுக்கு உண்மையிலேயே இரக்கம் வந்தது. ஆனால் அடுத்து அவள் சொன்னது இரக்கத்தில் வந்த சொல் இல்லை.

"நடந்து தூக்கிட்டுப் போனா நேரமாவும்ண்ணே. வெயிலு வேற. அமரர் ஊர்திக்கு சொல்லிட்டேன்."

ராஜதுரை தங்கையைப் பார்த்தான். வண்டி வந்தது. பின்கதவு திறந்தது, மூடியது. "பஸ்ல ஜன்னல் சீட்டு கேக்காத மனுசன், ஏசி வண்டில போறான் பாரு" என்று அன்பழகன் அழுகைக்கு நடுவே சொன்னார். ரெண்டு பேர் சிரித்தும்விட்டார்கள். ஆண்கள் மோட்டார் பைக்குகளில் பின்னால் போனார்கள். பெண்கள் கேட்டருகே நின்று புழுதியைப் பார்த்தார்கள். முச்சந்தியில் வண்டி நிற்காமல் திரும்பி மறைந்தது.

வெயிலுக்காக அவசரப்படவில்லை அவள். அன்று மாலை மேகலாவுக்கு இணையத்தில் ஓர் உரை இருந்தது. பல நாட்டு அறிஞர்கள் கேட்கும் உரை. தலைப்பு, ஹபர்ஷா.

பிரகதா கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு வீட்டில் கேட் சாத்தினால் நிற்கவில்லை.

கவிதா கொக்கி போட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் திறந்திருந்தது. கயிறு கட்டினாள். அவிழ்ந்த கயிறு தரையில் நேராக, நீளமாகக் கிடந்தது. காக்கைக்கு வைத்த சோறு காய்ந்தது. சுற்றுச்சுவர் வரை வந்த காக்கைகள் கேட்டின் பக்கம் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் பறந்தன.

பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

அரியலூரில் டாக்டர் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் பிள்ளை சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டியது. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. கட்டிலில் படுத்தபடி அது கேட் இருக்கும் பக்கமே பார்த்தது.

வியாழக்கிழமை மாலை மேகலா ஈரத்துணியை நெற்றியில் வைத்தபோது, பிரகதா அவளைக் குனியச் சொன்னாள். ரகசியம்.

"அத்த, சின்னத் தாத்தா தனியா போவ பயமா இருக்குன்னாரு."

மேகலாவின் கை அப்படியே நின்றது.

"யாருமே வரலையாம். நான் வரேன்னு சொல்லிட்டேன்."

"எப்ப, கண்ணு?"

"சனிக்கிழம. பொழுதுபோன நேரத்துல."

அறைக்குள் அந்த ரோஜா வாசனை இருந்தது. மேகலா கதவைப் பார்த்தாள். கதவருகே யாரும் இல்லை.

கவிதா சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். மெதுவாக வந்து குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். வெளியே வந்த பிறகுதான் பேசினாள்.

"நான் ஒண்ணும் படிக்கல, மேகலா. பெரம்பலூர் காலேஜ்ல ரெண்டு வருசம் போனேன், அவ்வளவுதான். அன்னிக்கு ஒரு குஞ்சைக் கட்டியிருந்தா என்ன கொறஞ்சி போயிருக்கும்? கோழிக்குப் பாவம் பாத்தியே, எம் புள்ளைக்கு?"

"அண்ணி..."

"அன்பழகன் மாமாகிட்ட சொல்லிட்டேன். நாளன்னிக்கு ஒரு குஞ்சு எடுத்தாருவாரு. சுடுகாட்டுல கட்டிட்டு வரட்டும். நீ குறுக்க வராத." பிறகு குரல் உடைந்தது. "எனக்கு வேற வழி தெரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு. உங்க ஊரு களிமண்ணுல எழுதியிருக்குமே, பாத்து சொல்லு."

அது கேலியில்லை. கேலியாக இருந்தால் மேகலா தாங்கியிருப்பாள். கவிதா உண்மையாகவே கேட்டாள்.

கொடுக்காவிட்டால் வீட்டில் சிறியதைக் கேட்பான்.

அந்த வரியை எத்தனையோ அரங்குகளில் வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள் மேகலா. ஒருநாளும் அவளுக்கு அந்தச் 'சிறியது' முகம் உள்ள ஒன்றாகத் தோன்றியதில்லை.

சனிக்கிழமை பகலில் அவள் மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து, சாவன்று மாலை பேசிய உரையின் பதிவைத் திறந்தாள். யாராவது ஓர் அறிஞர், தான் கவனிக்காத எதையாவது கேட்டிருப்பாரோ என்ற நப்பாசை. குழந்தையைக் காப்பாற்ற அவளிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

திரையில் அவள் முகம் தெரிந்தது. காலையில்தான் சித்தப்பாவை அனுப்பியவள். ஆனால் தலை சீவி, நெற்றியில் சின்னப் பொட்டு வைத்து, நல்ல சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை சிரிப்பா சிரித்தோம் என்று அவளுக்கு முகம் சுட்டது. பதிவை முன்னால் ஓட்டிவிடலாம் என்று கை போனது. ஓட்டவில்லை. பார்க்கத்தான் வேண்டும் என்று நினைத்தாள்.

உரை முடிந்தது. ஒரு வயதான பேராசிரியர் கேட்டார். "உங்கள் ஊரில் இப்படிப் பழக்கம் ஏதாவது உண்டா?"

திரையில் இருந்த மேகலா உற்சாகமாகச் சொன்னாள். "இன்று காலை எங்கள் வீட்டிலேயே ஒரு சாவு. சனிக்கிழமை என்பதால் கோழிக்குஞ்சு கொண்டுவந்தார்கள். நான் தடுத்துவிட்டேன். உங்களுக்காக ஓர் ஆய்வுச் சான்றை இழந்துவிட்டேன்!" சிலர் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "வழக்கமாகப் பாடையோடு பெண்கள் முச்சந்தி வரை நடப்பார்கள். அங்கே பாடையை இறக்கி, தலைப்பக்கம் கால்பக்கம் மாற்றித் தூக்குவார்கள். பெண்கள் அத்தோடு திரும்பி வந்து, கை கால் கழுவிக் குளிப்பார்கள். இன்று அதுவும் இல்லை. இந்தக் கூட்டத்துக்கு நேரமாகிவிடும் என்று வண்டி வைத்து அனுப்பிவிட்டேன்."

மறுபடி சிரிப்பு.

மேகலா பதிவை நிறுத்தினாள்.

முச்சந்தி வரை போகிறது. திரும்பி வருகிறது. கை கழுவுகிறது.

தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். சொன்னது தன் காதில் விழவில்லை. அந்த எழுத்தர் தூங்கவில்லை. எந்த வரியும் மாறவில்லை. ஹபர்ஷா ஆடும் இல்லை, குஞ்சும் இல்லை. சாகப்போகும் எதுவும் இல்லை. செத்தவரோடு கொஞ்ச தூரம் கூட நடந்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பி வருகிற ஓர் ஆள். அவ்வளவுதான். அந்தச் சின்ன உபகாரத்தைத்தான் ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் களிமண்ணில் குத்தி வைத்திருக்கிறார், பின்னால் வருகிறவர்கள் மறந்துவிடக் கூடாதென்று.

சித்தப்பாவை நினைத்தபோது அவளால் தலை தூக்க முடியவில்லை. அந்தக் குடும்பத்தில் எவர் எங்கே போவதானாலும் துணைக்குக் கூப்பிட்ட ஆள் அவர். ஆஸ்பத்திரிக்கு, பெண் பார்க்க, கோர்ட்டுக்கு. மேகலா விசாவுக்காகச் சென்னை போன அன்று, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் கூட வந்து, எதிர்ப்புறம் மரத்தடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தவள் தோழிகளோடு பேசிக்கொண்டே அவரைத் தாண்டிப் போய்விட்டாள். அவர் எழுந்து பின்னாலேயே வந்தார்.

பதிவின் கடைசிப் பகுதி ஓடாமல் இருந்தது. மேகலா மறுபடி தட்டினாள். நன்றி சொன்னார்கள். ஒவ்வொரு முகமாக அணைந்தது. அவளும் எழுந்து போய்விட்டாள். காலி நாற்காலி மட்டும் திரையில் இருந்தது. கேமராவை அணைக்க மறந்திருக்கிறாள்.

பதிவில், அந்த நாற்காலிக்குப் பின்னால் இருமல் கேட்டது.

தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சின்ன இருமல். பெரியவர்கள் பேச்சுக்கு நடுவே புகத் தயங்கும்போது வருவது.

பிறகு, மிக மரியாதையாக ஒரு குரல்.

"மேகலா, முடிஞ்சிடுச்சாம்மா? போலாமா?"

படியிறங்கி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் மஞ்சள் பையில் குஞ்சு கத்தியது. அன்பழகன் வைத்துவிட்டு, வேலைக்குப் போன ராஜதுரையைச் சிமென்ட் ஆலையிலிருந்து அழைத்துவரப் போயிருந்தார். அறைக்குள் கவிதா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பெருமாள் பெயரைச் சொல்லிச் சொல்லி, அசதியில் அப்படியே கண் அயர்ந்திருந்தாள்.

பிரகதா தூங்கவில்லை. கட்டிலுக்குக் கீழே தன் செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தாள்.

மேகலா அவள் காலைப் பிடித்து மெதுவாகக் கட்டிலில் தூக்கி வைத்தாள். காதருகே சொன்னாள். "நீ வர வேணாம் கண்ணு. தாத்தா கூட அத்த போறேன். அவரு என்னத்தான் கூப்டாரு. எனக்குத்தான் காது கேக்கல."

குழந்தை அவளை நெடுநேரம் பார்த்தது. பிறகு அம்மாவின் வயிற்றில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மேகலா பையிலிருந்து குஞ்சை எடுத்துக் கொல்லைப்பக்கம் விட்டாள். முன்வாசல் வழியாக இறங்கினாள்.

கேட் திறந்திருந்தது.

ரோஜா வாசனை அங்கே கனமாக நின்றது. ஒரு முழத் தூரத்துக்குக் காற்றே குளிர்ந்திருந்தது, குளிர்பெட்டியின் மூடியைத் திறந்ததுபோல. ஓடிவிடலாம் என்று உடம்பு சொன்னது. வெட்கம்தான் அவளை அங்கே நிறுத்தி வைத்தது.

"வாங்க சித்தப்பா" என்றாள். "போலாம்."

நடந்தாள்.

முதலில் தன் காலடி மட்டும் கேட்டது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. ரப்பர் செருப்பு குதிகாலில் பட்டுப் பட்டு எழும் சத்தம். அவள் மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாக வந்தது. இடதுபக்கக் கையெல்லாம் குளிர்ந்து மரத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடலைக்காட்டின் ஓரமாக இருட்டு கட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் பெருமாள் கோயில் மணி அடித்தது. பெட்டிக்கடையில் இருந்த பெண் தலை தூக்கவில்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், காரணம் தெரியாமலே இறங்கி, ஓரமாக ஒதுங்கி, வழி விட்டார்.

அந்தக் கொஞ்ச தூரத்தில் மேகலா பேசிக்கொண்டே வந்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள். அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். சென்னையில் அன்றைக்கு வெயில் ரொம்ப இருந்ததா என்று கேட்டாள். தன் உரையைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை.

முச்சந்தி வந்தது.

செருப்புச் சத்தம் நின்றது.

பாடையை இறக்கி வைக்கும் இடத்தில், தார்ச்சாலை ஓரத்து மண்ணில் அவள் குனிந்து வலது கையை வைத்தாள். "மன்னிச்சிடுங்க சித்தப்பா. நேரமாயிடும்னு நெனச்சேன். எனக்கு எல்லா நாளும் நேரமாயிட்டேதான் இருந்துச்சு. இதுக்கு மேல பயமில்ல. பெருமாள் கூட வருவாரு. நீங்க போயிட்டு வாங்க."

செத்தவரை அனுப்பும்போது 'போயிட்டு வாங்க' என்று சொல்லக் கூடாது. வாய் தவறி வந்துவிட்டது. வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

காற்று இளகியது. கையில் உணர்வு திரும்பியது. ரோஜா வாசனை சுடுகாட்டுச் சாலையின் பக்கமாகக் குறைந்துகொண்டே போய், இல்லாமல் போயிற்று.

அவள் எழுந்து, வந்த வழியே திரும்பினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். பார்க்கவில்லை. கண்ணில் நீர் நிறைந்து சாலையே தெரியவில்லை.

விளக்கில்லாத ஒரு கல் லாரி பக்கத்துச் சந்திலிருந்து பின்னோக்கி வந்ததும் தெரியவில்லை.

யாரோ அவளுடைய மேல்கையைப் பற்றி வெடுக்கென்று பின்னால் இழுத்தார்கள்.

சக்கரம் அவள் சேலை நுனியை உரசிக்கொண்டு போயிற்று. டிரைவர் பார்க்கவேயில்லை. மேகலா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டதா என்று அவளால் சொல்ல முடியாது. அப்போதும் அவள் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து, வெளிக்குழாயில் கை கழுவினாள். சேலையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். உள்ளே கவிதாவின் குரல் கேட்டது. அழுகையும் சிரிப்புமாக இருந்தது. "வேர்த்துக் கொட்டுதுங்க! சூடே இல்ல! ரசஞ்சோறு கேக்குறா!" ராஜதுரை வந்துவிட்டிருந்தான். டாக்டர் மாற்றிக் கொடுத்த மருந்துதான் வேலை செய்தது என்று அவன் சொன்னான். பெருமாளுக்கு முடிந்து வைத்த காசுதான் என்று கவிதா சொன்னாள். "குஞ்சு எங்கம்மா போச்சு?" என்று அன்பழகன் கூடமெல்லாம் தேடினார். ஈரச்சேலையோடு நின்ற மேகலாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இனி எந்த மேடையிலும் இதைச் சொல்லப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். ஹபர்ஷா பற்றித் தான் எழுதியது பிழை என்று மட்டும் சொல்லிவிடுவாள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் தலை குனிந்துகொள்வாள்.

பின்கட்டில் மாற்றுச்சேலை எடுக்கப் போனவள், விளக்கடியில் தன் இடது மேல்கையைப் பார்த்தாள்.

ஐந்து விரல்கள் பதிந்திருந்தன. சாம்பல் நிறத்தில், மெலிந்த, நீளமான விரல்கள்.

குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். தண்ணீர் அந்த விரல்களைச் சுற்றி வழிந்து இறங்கியது. அந்த இடம் மட்டும் நனையவில்லை.

மேகலா இன்னொரு குவளை ஊற்றவில்லை. நீளக் கை வைத்த ரவிக்கை ஒன்றைத் தேடி எடுத்து, அதை மறைத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு சமையலறைக்குப் போய், பிள்ளைக்குக் கொடுக்க ரசஞ்சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.